அவன் இல்லாமல் கிரானோலா பார்: சென்னை வெயிலில் உருகாமல் நிற்க ஒரு வழி

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிண்டியில் அலுவலகப் பையைத் திறந்தேன். காலையில் பட்டர் பேப்பரில் சுற்றி வைத்த நான்கு கிரானோலா பார்களைக் காணோம். அந்த இடத்தில் தேனில் ஊறிய ஓட்ஸ் களி ஒன்று சார்ஜர் ஒயரைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் இரண்டு முறை செய்தபோது கத்தி பட்டதும் உதிர்ந்து தூளானது. அதற்குப் பின் இரண்டு முறை கல்லானது. ஆறாவது தடவைதான் உருப்படியாக வந்தது. நடுவில் போன சாமான் கணக்கு 900 ரூபாய்க்குக் குறையாது. நீங்களாவது முதல் தடவையே ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை குளிரூர்ச் சமையலறைக்கு எழுதியவை. தேனையும் தேங்காய் எண்ணெயையும் சூடாக்கு, ஓட்ஸைக் கொட்டிக் கிளறு, ஃபிரிட்ஜில் வை, வெட்டு. முடிந்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உருகிவிடும். நம் ஊரில் மார்கழிக் காலையில்தான் அது பாட்டிலில் உறைந்து நிற்கிறது, மற்ற நாளெல்லாம் தண்ணீராகத்தான் கிடக்கிறது. அதை நம்பிக் கட்டிய பார், ஃபிரிட்ஜை விட்டு வெளியே வந்து தாம்பரம் ரயிலில் ஏறினால் கிண்டி வரைகூடத் தாங்காது.

ஊரிலிருந்து வந்திருந்த மாமியார்தான் தப்பைக் கண்டுபிடித்தார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். "என்ன மாப்பிள்ளை, பாகு காய்ச்சாம வெறும் தேனை ஊத்தினா எப்படி நிக்கும்?" என்று கேட்டுவிட்டு அடுப்பில் வெல்லத்தை ஏற்றினார். ('அவன்' என்றால் பேக் செய்யும் மின் அடுப்பு. 'அவன் இல்லாமல் செய்யலாம் அத்தை' என்று நான் சொன்னபோது 'எவன்?' என்று கேட்டவரும் அவர்தான்.) கிரானோலா பார் என்பது ஓட்ஸ் போட்ட கடலைமிட்டாய், அவ்வளவுதான். இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. எந்த வகை வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டு வகை உண்டு. ஒன்று வெல்லப்பாகு வகை. வெளியே வைத்தால் தாங்கும், டிபன் டப்பாவில் போகும், பையில் கிடக்கும். மற்றது பேரீச்சை வகை. பாகே காய்ச்ச வேண்டாம், ஆனால் ஃபிரிட்ஜிலேயே வைத்துச் சாப்பிட வேண்டும்.

பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ எடுத்துப்போக என்றால் பாகு வகைதான். வீட்டில் சாயங்காலம் காபியோடு சாப்பிட என்றால் பேரீச்சை வகை போதும், வேலை குறைவு. கீழே பெரும்பகுதி பாகு வகைதான், ஏனென்றால் சிக்கலெல்லாம் அதில்தான் இருக்கிறது. பேரீச்சை வகையைக் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

2. சாமானும் செலவும்

இந்த அளவு 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டுக்கு. 16 பார் வரும், ஒவ்வொன்றும் 40 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. பக்கத்தில் இருப்பது நான் கடைசியாக வாங்கிய விலையில் போட்ட கணக்கு. முன்னே பின்னே இருக்கும்.

ஓட்ஸ் 150 கிராம் – 30 ரூபாய்
கெட்டி அவல் 50 கிராம் – 4 ரூபாய்
நிலக்கடலை 100 கிராம் – 15 ரூபாய்
பாதாம் 40 கிராம் – 36 ரூபாய்
பூசணி விதையும் வெள்ளரி விதையும் சேர்த்து 40 கிராம் – 20 ரூபாய்
வெள்ளை எள் 20 கிராம் – 5 ரூபாய்
உலர்திராட்சை 40 கிராம் – 16 ரூபாய்
பாகு வெல்லம் 200 கிராம் – 16 ரூபாய்
இனிப்புச் சேர்க்காத நிலக்கடலை வெண்ணெய் (பீனட் பட்டர்) 50 கிராம் – 20 ரூபாய்
நெய் 1 மேசைக்கரண்டி – 9 ரூபாய்
உப்பு கால் தேக்கரண்டி, ஏலக்காய் 2, எலுமிச்சைச் சாறு நாலைந்து சொட்டு

பட்டர் பேப்பரையும் கேஸையும் சேர்த்தால் 180 ரூபாய் ஆகும். ஒரு பார் 11 ரூபாய்ச் சொச்சம். கடையில் இதே அளவு பார் 40, 50 ரூபாய். பாதாமை எடுத்துவிட்டு அதே எடைக்குப் பொட்டுக்கடலை போட்டால் ஒன்று 9 ரூபாய்க்கே முடிந்துவிடும். ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை என்பேன், வீட்டில் ஒத்துக்கொள்வதில்லை.

ஓட்ஸ் வாங்கும்போது பாக்கெட்டைப் பாருங்கள். தட்டையாக அழுத்திய சாதா ஓட்ஸ்தான் வேண்டும். மசாலா போட்டது கூடாது. வெட்டிய குருணை மாதிரி இருக்கும் ஸ்டீல் கட் ஓட்ஸும் இதற்கு ஆகாது, வறுத்தாலும் பல்லில் கடுக்கென்று நிற்கும். உப்புப் போட்டு எண்ணெயில் பொரித்த கடலை, முந்திரி பாக்கெட்டுகளும் வேண்டாம்.

வெல்லம்தான் முக்கியம். கடையில் வெறுமனே 'வெல்லம்' என்று கேட்டால் கைக்கு அகப்பட்டதைக் கொடுப்பார்கள். 'பாகு வெல்லம்' என்று சொல்லிக் கேளுங்கள். கடலை உருண்டை, அதிரசம் செய்பவர்கள் வாங்குவது அதுதான். சர்க்கரைப் பொங்கலுக்கு எந்த வெல்லமும் சரிதான். இங்கே பதம் கூடி வர வேண்டும். மழைக்காலத்தில் கசிந்து ஈரமாகிக் கிடக்கும் வெல்லத்தை எடுக்காதீர்கள். வாயில் போட்டால் கரிக்கிற வெல்லமும் வேண்டாம். பளீரென்ற மஞ்சளைவிடக் கொஞ்சம் கறுத்த வெல்லம் நல்லது.

கருப்பட்டியில் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். செய்யலாம், மணம் அருமையாக இருக்கும். ஆனால் சட்டென்று அடிப்பிடித்துக் கசந்துவிடும். முதல் தடவையே அதில் இறங்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது உடம்புக்கு நல்லது என்று தட்டையே காலி செய்யாதீர்கள். ஒரு பாரில் ஏறத்தாழ 200 கலோரியும் 12 கிராமுக்கு மேல் வெல்லமும் இருக்கின்றன. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வெல்லமும் சர்க்கரைதான்.

3. எங்கே வாங்குவது

முதல் தடவைக்குத் தெருமுனை மளிகைக் கடையே போதும். பிடித்துப்போய் மாதா மாதம் செய்யப் போகிறீர்கள் என்றால் பாரிமுனைப் பக்கம் போங்கள். கொத்தவால் சாவடியைச் சுற்றியுள்ள தெருக்களில் பாதாம், திராட்சை, விதை வகைகள் மொத்த விலைக்குக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். நான் ஒரு ஞாயிறு போய் லஸ்ஸி குடித்துவிட்டுத் திரும்பினேன். வார நாளில் முற்பகலில் போங்கள். காரில் போகாதீர்கள், மெட்ரோவில் மண்ணடியிலோ உயர்நீதிமன்றத்திலோ இறங்கி நடந்துவிடுவது நிம்மதி.

விலை குறைவு என்று விதைகளைக் கிலோக் கணக்கில் அள்ளிவிடாதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் பூசணி விதையும் பாதாமும் இரண்டு மாதத்தில் காறல் வாடை அடிக்க ஆரம்பிக்கும். வாங்கும்போதே நாலு விதையை மென்று பாருங்கள். மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

4. எல்லாவற்றையும் கைக்கெட்டும் இடத்தில் எடுத்து வையுங்கள்

பாகு பதம் வந்த பிறகு கலந்து முடிக்க உங்களுக்கு இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. அப்போது போய்க் கரண்டி தேடக் கூடாது. அதனால் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே இவற்றையெல்லாம் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள்:

அடிகனமான வாணலி ஒன்று, நெய் தடவிய பட்டர் பேப்பர் விரித்த சதுரத் தட்டு, மேலே போட்டு அழுத்த இன்னொரு பட்டர் பேப்பர், அடி தட்டையான கிண்ணம் அல்லது டம்ளர், நீளமான காம்புள்ள கரண்டி, வடிகட்டி, பெரிய கத்தி, கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர்.

பட்டர் பேப்பர் தட்டின் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கட்டும், அதைப் பிடித்துத்தான் பிறகு தூக்க வேண்டும். செய்தித்தாளில் வைக்காதீர்கள், மை ஒட்டும். சதுரத் தட்டு இல்லையென்றால் தாம்பாளம் போதும், ஓரத்துத் துண்டுகள் மட்டும் கோணலாக வரும். அவற்றைச் செய்பவரே தின்றுவிடலாம்.

சமையலறைத் தராசு ஒன்று 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. டம்ளர் கணக்கில் அளந்தால் வெல்லத்தில் தப்பு வரும். பொடித்த வெல்லம் ஒரு டம்ளருக்கும் உடைத்த வெல்லம் ஒரு டம்ளருக்கும் எடை ஒன்றல்ல. என் முதல் இரண்டு தடவை உதிர்ந்ததற்கு டம்ளரில் அளந்ததும் ஒரு காரணம்.

5. வறுப்பது: 25 நிமிடம், அவசரம் ஆகாது

அவன் கிடையாது என்பதால் மொறுமொறுப்பு முழுக்க வாணலியிலிருந்துதான் வர வேண்டும். பச்சை ஓட்ஸைப் போட்டுக் கிளறச் சொல்லும் செய்முறைகளைத் தாண்டிப் போங்கள். அந்த பார் மறுநாளே நமுத்துப் போகும்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுக்கக் கூடாது. கடலை வறுபடுவதற்குள் எள் கருகிவிடும். தனித்தனியாக இந்த வரிசையில் வறுங்கள். நிலக்கடலையை மிதமான தீயில் தோல் வெடிக்கும் வரை 8 நிமிடம். ஆறியதும் தேய்த்துத் தோலை ஊதிவிட்டு, ஒவ்வொன்றும் இரண்டாக உடையும் அளவுக்குத் தட்டிக்கொள்ளுங்கள். பாதாம் 4 நிமிடம், பிறகு ஒன்றை நாலாக நறுக்குங்கள். முழுப் பாதாம் போட்டால் வெட்டும்போது கத்தி இழுத்து பார் பிளக்கும். விதைகள் 2 நிமிடம், படபடவென்று வெடித்ததும் எடுங்கள். எள்ளும் அப்படியே, ஒரு நிமிடம். கெட்டி அவல் 3 நிமிடம், விரலில் வைத்து நசுக்கினால் நொறுங்க வேண்டும். கடைசியாக ஓட்ஸ், சிறு தீயில் 6 அல்லது 7 நிமிடம், நிறம் லேசாக மாறி வறுத்த மாவு மணம் வரும் வரை.

அவலுக்குப் பதிலாகப் பொரி போடலாமா? போடலாம், ஆனால் பாதி எடைக்குத்தான் போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பொரி வேண்டவே வேண்டாம்.

வறுத்ததையெல்லாம் உப்பும் பொடித்த ஏலக்காயும் சேர்த்து ஒரு பெரிய பாத்திரத்தில் கலந்து மூடி வையுங்கள். இந்தக் கலவை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். இது எனக்கு யாரும் சொல்லாத விஷயம். ஆறிப்போன ஓட்ஸில் சூடான பாகை ஊற்றினால் பட்ட இடத்திலேயே இறுகிக்கொள்ளும், மற்ற இடமெல்லாம் வறண்டு கிடக்கும். ஆறிவிட்டால் பாகு காயும் நேரத்தில் பக்கத்து அடுப்பில் ஒரு நிமிடம் சூடாக்கிக்கொள்ளுங்கள். திராட்சையை மட்டும் இப்போது சேர்க்காதீர்கள்.

6. பாகு

இங்கேதான் எல்லாரும் கவிழ்கிறார்கள். நானும் இங்கேதான் கவிழ்ந்தேன்.

வெல்லத்தைப் பொடித்து 60 மில்லி தண்ணீர் விட்டுச் சிறு தீயில் கரையுங்கள். கரைந்ததும் வடிகட்டுங்கள். எவ்வளவு நல்ல வெல்லமாக இருந்தாலும் அடியில் மண்ணும் கரும்புச் சக்கையும் நிற்கும். வாணலியைக் கழுவித் துடைத்து, வடிகட்டியதைத் திரும்ப ஊற்றி மிதமான தீயில் வையுங்கள். எலுமிச்சைச் சாற்றை இப்போது விடுங்கள். நாலைந்து சொட்டுதான், பாகு பூத்துப் போகாமல் இருக்க. அதிகம் விட்டால் இறுகவே இறுகாது. அப்புறம் நெய். அடிக்கடி கிளறாதீர்கள், வாணலியை அசைத்துவிட்டால் போதும்.

முதலில் பெரிய குமிழாக வரும். பிறகு குமிழ் சின்னதாகி, நுரைத்து, நிறம் கருக்கும். இந்த இடத்திலிருந்து அரை நிமிடத்துக்கு ஒரு தடவை, குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். 

சொட்டு கரைந்து பரவினால் இன்னும் நேரம் இருக்கிறது. கையில் எடுத்தால் மெத்தென்று அமுங்கும் உருண்டையாக வந்தால் அது அதிரசப் பதம். அதில் நிறுத்தினால் பார் வளையும், வெயிலில் ஒட்டும். இன்னும் ஒன்றரை, இரண்டு நிமிடம் விடுங்கள். இப்போது உருட்டினால் கெட்டியான கோலி மாதிரி வர வேண்டும், நன்றாக அழுத்தினால் மட்டும் கொஞ்சம் அமுங்க வேண்டும். இதுதான் நமக்கு வேண்டிய பதம், கெட்டி உருட்டுப் பதம். இதையும் தாண்டி, எடுத்துத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்டு, ஒடித்தால் படக்கென்று உடைந்தால் அது கடலைமிட்டாய்ப் பதம். கடலைக்கு அது சரி, ஓட்ஸுக்குக் கல்லாகிவிடும். சர்க்கரைப்பாகுக்கான வெப்பமானி இருந்தால் 120 முதல் 125 டிகிரி. என்னிடம் இல்லை, மாமியாரிடமும் கிடையாது.

நான் நாலாவது, ஐந்தாவது தடவை கல்லாக்கியது எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் இது சென்னை அடுக்ககவாசிகளுக்கென்றே உள்ள கண்ணி. மே மாத மதியம். குழாயைத் திறந்து கிண்ணத்தில் தண்ணீர் பிடித்தேன். மாடித் தொட்டியில் வெயில் குடித்த தண்ணீர், கை வைக்க முடியாத சூடு. அதில் பாகை விட்டால் எந்தப் பதமும் இளக்கமாகத்தான் தெரியும். இன்னும் ஆகவில்லை, இன்னும் ஆகவில்லை என்று காய்ச்சிக்கொண்டே போனேன். உண்மையில் அது எப்போதோ தாண்டிப் போயிருந்தது. பானைத் தண்ணீரோ ஃபிரிட்ஜ் தண்ணீரோ எடுங்கள். இரண்டு மூன்று தடவை சோதித்ததும் தண்ணீரை மாற்றுங்கள். பரிசோதிக்கும் அந்தப் பத்து விநாடி தீயைக் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் நீங்கள் உருட்டிப் பார்ப்பதற்குள் அது அடுத்த பதத்துக்குப் போய்விடும்.

மொத்தத்தில் வடிகட்டிய பிறகு 6 முதல் 9 நிமிடம் ஆகலாம். அடுப்புக்கும் வாணலிக்கும் ஏற்ப மாறும், அதனால் கடிகாரத்தை நம்பாதீர்கள்.

பாகு கொதிநீரைவிடச் சூடு, பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளைச் சமையலறைக்கு வெளியே அனுப்பிவிட்டு இந்த வேலையைச் செய்யுங்கள். கையில் பட்டால் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். பற்பசையும் மாவும் பூச வேண்டாம். என் வலது ஆள்காட்டி விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

7. கலந்து அழுத்துவது: 5 நிமிடம்

பதம் வந்ததும் அடுப்பை அணையுங்கள். நிலக்கடலை வெண்ணெயைப் போட்டு நாலு சுற்றுச் சுற்றுங்கள். இது பார் கடினமாகாமல் மென்மையாகக் கடிபட உதவும். உடனே வெதுவெதுப்பான கலவையைக் கொட்டி அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். எல்லா ஓட்ஸிலும் பளபளப்பு ஏறியதும் திராட்சையைத் தூவி இரண்டு புரட்டு. சாக்லேட் துண்டு போட ஆசைப்படாதீர்கள், இந்தச் சூட்டில் கரைந்து சேறாகிவிடும். ஆறிய பிறகு மேலே ஒட்டினாலும் வெளியே எடுத்துப் போகும் பாருக்கு நம் ஊரில் சாக்லேட் சரிவராது.

தட்டில் கொட்டி, மேலே இன்னொரு பட்டர் பேப்பரைப் போட்டு, கிண்ணத்தின் அடியால் அழுத்துங்கள். அழுத்துவது என்றால் தட்டிவிடுவது இல்லை. சப்பாத்தி மாவைப் பிசைகிற பலம் வேண்டும். ஓரங்களையும் நாலு மூலைகளையும் தனியாக அழுத்துங்கள், உதிர்வது அங்கேதான் தொடங்கும். இரண்டு சென்டிமீட்டர் கனம் வந்தால் சரி.

8. வெட்டுவது: நேரம்தான் எல்லாம்

முழுக்க ஆறட்டும் என்று காத்திருந்தால் கத்தி இறங்காது. சூட்டோடு வெட்டினால் ஒட்டிக்கொண்டு இழுக்கும். அழுத்தி முடித்து 10 முதல் 12 நிமிடத்தில், தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்போது, பேப்பரோடு தூக்கிப் பலகையில் வைத்து வெட்டுங்கள். கத்தியில் நெய் தடவிக்கொண்டு மேலிருந்து கீழே ஒரே அழுத்தாக அழுத்துங்கள். ரம்பம் மாதிரி அறுத்தால் உதிரும். நடுவில் ஒரு கோடு, குறுக்கே எட்டுப் பாகம், மொத்தம் 16.

வெட்டியதைப் பிரிக்காமல் அப்படியே ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு கையால் ஒடித்தால் தனித்தனியாக வந்துவிடும். மின்விசிறிக்கு அடியில் வைக்கலாம். மழை நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டு வையுங்கள், வெல்லம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும்.

வறுப்பதிலிருந்து கணக்குப் போட்டால் கை வேலை ஒரு மணி நேரம், ஆறுவதற்கு இன்னொரு மணி நேரம். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள், மதிய வெயிலில் அடுப்புப் பக்கம் நிற்பது பெரிய தண்டனை.

9. எடுத்து வைப்பது

ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி, ஈரமில்லாத எவர்சில்வர் டப்பாவிலோ கண்ணாடி ஜாடியிலோ போடுங்கள். கோடையில் ஒரு வாரம், மற்ற மாதங்களில் பத்துப் பன்னிரண்டு நாள் வெளியிலேயே நன்றாக இருக்கும். அதற்கு மேல் கடலை காற ஆரம்பிக்கும்.

பாகு வகையை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் மேலே வியர்த்து, அந்த ஈரத்தில் வெல்லம் கசிந்து பிசுபிசுக்கும். பலரும் 'பத்திரமாக இருக்கட்டும்' என்று உள்ளே வைத்துத்தான் கெடுக்கிறார்கள்.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் கடலையையும் பாதாமையும் நன்றாகப் பொடித்துப் போடுங்கள், முழுப் பருப்பு தொண்டையில் அடைக்கும். பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் முன் வகுப்பில் கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்களா என்று ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். யாராவது தேன் சேர்த்துச் செய்தால், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அதில் துளிகூடத் தரக் கூடாது.

10. சொதப்பிவிட்டால்

உதிர்ந்து போனதா? அதையே டப்பாவில் போட்டுக் காலையில் பாலிலோ தயிரிலோ கலந்து சாப்பிடுங்கள். அதற்குப் பெயர்தான் கிரானோலா, யாருக்கும் தெரியாது. பாராகவே வேண்டுமென்றால் 50 கிராம் வெல்லத்தில் புதிதாகப் பாகு வைத்து, தூளை வாணலியில் சூடாக்கி, மறுபடி கலந்து அழுத்துங்கள்.

இளகி வளைகிறதா? பதம் போதவில்லை. வாணலியில் போட்டு மிகச் சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் புரட்டி, மறுபடி தட்டில் அழுத்துங்கள்.

கல்லாகிவிட்டதா? வழி கிடையாது. துணியில் சுற்றி அம்மிக் குழவியால் உடைத்து, ஐஸ்கிரீம் மேலே தூவுங்கள். நான் இரண்டு வாரம் அப்படித்தான் தூவினேன்.

11. பேரீச்சை வகை, சுருக்கமாக

கொட்டை நீக்கிய மென்மையான பேரீச்சை 200 கிராம். காய்ந்திருந்தால் வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து எடுங்கள். மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்தால் உருண்டையாகத் திரளும். ஓடவிட்டே அரைத்தால் மிக்ஸி சூடாகி நின்றுவிடும். நிலக்கடலை வெண்ணெய் 80 கிராம், மேலே சொன்ன வறுத்த சாமானில் முக்கால் பங்கு, ஒரு சிட்டிகை உப்பு. கையாலேயே பிசைந்து, தட்டில் அழுத்தி, இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து வெட்டுங்கள். பத்து நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். பேரீச்சை விலையால் செலவு பாகு வகையைவிடக் கூடும்.

12. அக்கம்பக்கத்தில் விற்க ஆரம்பித்தால்

நாலு பேருக்குக் கொடுத்தால் ஐந்தாவது ஆள் 'விலைக்குத் தருவீர்களா' என்று கேட்பார். அங்கிருந்து கதை வேறு. வீட்டிலிருந்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பத்து டப்பா விற்பதற்கும் அதேதான்.

சிறு வியாபாரிகளுக்கான அடிப்படைப் பதிவு எளிது. இந்திய உணவுப் பாதுகாப்பு, தரநிலை ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 'ஃபாஸ்காஸ்' இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். என்னிடம் கேட்டவை பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று. வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் பழைய முகவரி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இரண்டு இடத்தில் இரண்டு முகவரி இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். நான் கட்டியது ஆண்டுக்கு 100 ரூபாய். ஒரு வாரத்துக்குள் பதிவு கிடைக்கும், அல்லது ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வரும். பதிவானதும் 14 இலக்க எண் ஒன்று கொடுப்பார்கள்.

இதில் ஒரு பொறி. தேடினால் முதலில் வந்து நிற்பவை அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டும் தனியார் தரகர் தளங்கள். அப்படி ஒன்றில் நான் விவரங்களைக் கொடுத்துவிட்டேன், 2,000 ரூபாய் கேட்டு ஒரு வாரம் விடாமல் போன் வந்தது. இணையதள முகவரியின் முடிவில் 'கவ் டாட் இன்' (gov.in) இருக்கிறதா என்று பார்த்த பிறகே எதையும் நிரப்புங்கள்.

லேபிளில் பொருளின் பெயர், அதிக எடையிலிருந்து குறைந்த எடை வரிசையில் சேர்மானங்கள், நிகர எடை, விலை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், உங்கள் பெயர், முகவரி, அந்த 14 இலக்க எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாம் வேண்டும். ஒவ்வாமை எச்சரிக்கையில் நிலக்கடலை, பாதாம், ஓட்ஸ், நெய் சேர்த்திருப்பதால் பால் என எல்லாவற்றையும் எழுதுங்கள். வெல்லம் போட்டுவிட்டு 'சர்க்கரை சேர்க்காதது' என்று அச்சடிக்காதீர்கள். சாதாரண ஓட்ஸை வைத்துக்கொண்டு 'குளூட்டன் இல்லாதது' என்றும் போடாதீர்கள்.

விலை வைக்கும்போது சாமான் செலவான 11 ரூபாயை மட்டும் பார்த்துவிட்டு 15 என்று சொல்லிவிட்டேன். டப்பா, லேபிள், கொண்டுபோய்க் கொடுக்கும் பெட்ரோல், வெட்டும்போது உடையும் இரண்டு மூன்று பார்கள் எல்லாம் சேர்ந்து முதல் மாதம் கையைக் கடித்தது. இப்போது 25. யாரும் இதுவரை பேரம் பேசவில்லை, மாமியாரைத் தவிர.